மூன்று தடவை அலம்பிக் கொட்டவும்

எனக்கு முதன்முதலில் கிடைத்த உத்தியோகம் தண்ணீர் பிடிப்பது. ஆர்டரில் அதையே இங்கிலீஷில் நீளமாக, கௌரவமாக டைப் அடித்திருந்தார்கள். ராயபுரத்தில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த என் அப்பா அந்தக் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நான் அர்த்தம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கடை முழுக்கக் கேட்கும்படி ஒரு கேள்வி கேட்டார்.

"ஏலே, தண்ணி பிடிக்கதுக்கா உன்னைய இண்டர் வரைக்கும் படிக்க வச்சேன்?"

"பிடிக்கது இல்லப்பா. சோதன பண்ணதுக்குக் கிணத்துல இருந்து எடுக்கது."

"எடுத்து?"

"கெமிஸ்ட்டுகிட்ட குடுக்கணும்."

"ஏன், அவரு வீட்ல கொழா இல்லையாமா?"

மூட்டை இறக்க வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வயதில் எனக்குக் காற்று அடித்தாலும் கோபம் வரும், அடிக்காவிட்டாலும் கோபம் வரும். இதில் அப்பாவோடு பேசிப் பிரயோசனமில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அவர் கேட்டது எவ்வளவு நியாயமான கேள்வி என்று புரிய நான்கு மாதம் ஆயிற்று.

விஷயம் இதுதான். எண்ணூரைத் தாண்டி உப்பங்கழிக் கரையில் ஒரு குப்பம். பெரும்பாலும் கிறிஸ்தவர்கள்; ஆண்களில் பாதிப் பேர் கடலுக்குப் போனார்கள், பாதிப் பேர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். தெருமுனையில் ஒரு சிலுவை, தெருவின் இரண்டு பக்கமும் கூரை வீடுகள், வீட்டுக்குப் பின்னால் ஆளுக்கொரு கிணறாகப் பன்னிரண்டு கிணறுகள். அந்த மண்ணுக்கு அடியில் கிளிஞ்சல் படுகை இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு கம்பெனி சுண்ணாம்புக்காகத் தோண்டிக்கொண்டிருந்தது. பெயரெல்லாம் எதற்கு? குப்பத்தில் யாரும் அதன் பெயரைச் சொன்னதில்லை, 'கிளிஞ்சக் கம்பெனி' என்றுதான் சொல்வார்கள். தோண்டிய பள்ளத்தில் ஊறுகிற தண்ணீரை எஞ்சின் வைத்து ஓயாமல் இறைத்துக் கழியில் விட்டார்கள். பள்ளம் வந்த பிறகு எங்கள் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது என்று குப்பத்து ஜனங்கள் மனுப் போட்டார்கள். கடலோரத்தில் கிணறு உப்பாக இல்லாமல் கரும்புச் சாறாகவா இருக்கும் என்று கம்பெனி பதில் எழுதியது.

மேலே இருந்த அதிகாரி ஒரு தீர்ப்புச் சொன்னார். மாதம் ஒரு தடவை, நான்கு மாதம், பன்னிரண்டு கிணற்றிலும் தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டியது. உப்பு அளவுக்கு மேல் இருந்தால் கம்பெனி தன் செலவில் குப்பத்துக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மனுவை மூடிவிட வேண்டியது. ஆக, அந்தத் தெருவுக்குக் குழாய் வருமா வராதா என்பது என் பன்னிரண்டு புட்டிகளில் இருந்தது.

புட்டிகள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. உள்ளே பன்னிரண்டு அறை, சுற்றிலும் வைக்கோல். மூடியின் உட்புறத்தில் கெமிஸ்ட் ஐயா தாமே டைப் அடித்த ஒரு தாளை ஒட்டியிருந்தார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: கிணற்றில் நீயே உன் கையால் இறைக்கவும். இறைத்த தண்ணீராலேயே புட்டியை மூன்று தடவை அலம்பிக் கொட்டவும். பிறகு நிரப்பி மூடவும். சீட்டு ஒட்டவும். கெமிஸ்ட் ஐயா மூக்குப்பொடி போடுகிறவர், கோபக்காரர், ஒன்றை இரண்டு தடவை சொல்லாதவர். ஆகவே அலம்புவதற்குக் கால் புட்டித் தண்ணீர் போதும் என்று அவர் ஒரு தடவை சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் மாதம் நான் போனது ஒரு திருவிழா மாதிரி இருந்தது. பாண்ட், புதுச் செருப்பு, தோளில் பெட்டி. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து இரண்டு மைல் மணலில் நடந்து குப்பத்துக்குள் நுழைந்தால், முதல் வீட்டு அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். குப்பத்துப் பெண்களுக்கெல்லாம் பேச்சாளர் அவர்தான். நாற்பது வயதுக்குள் இருக்கும். அவர் பேசினால் கழிக்கு அந்தக் கரையில் கேட்கும்.

"வா சார், வா சார். இம்மாந்தூரம் வெய்யில்ல வந்துகீறே. மொதல்ல இப்டி குந்து."

பூவரச மரத்தடியில் ஒரு கட்டுமரக் கட்டையைத் துடைத்துப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். கிணற்றடிக்குப் போய் நானே இறைக்க வேண்டும் என்று சொன்னதும் அக்கா அப்படியே கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா சார் சொல்றே? ஆபீசரு போய் கவுறு இழுக்கறதா? ஊரு சிரிக்காது? நீ குந்து. எல்லாம் இங்கியே வரும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை ஒருவர் ஆபீசர் என்கிறார். இதைக் கேட்க அப்பா இங்கே இல்லாமல் போய்விட்டாரே என்று நினைத்தேன். தாளில் இருந்த முதல் விதி அந்த நிமிஷத்தில் மறந்தே போயிற்று. போதாததற்கு என் செருப்பு புதுசு, கிணற்றடி சேறு.

பன்னிரண்டு பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு பித்தளைக் குடம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். "இது மொத கெணறு. இது ரெண்டு" என்று அக்கா எண்ணி எண்ணி விட்டார். நான் முதல் புட்டியை எடுத்தேன். கழுத்து வரை நிரப்பினேன். குலுக்கினேன். ஓங்கி வீசி மணலில் கொட்டினேன்.

பன்னிரண்டாம் வீட்டுப் பெண், கல்யாணமாகி வந்து ஆறு மாதம்கூட ஆகாதவள், "அய்யய்யோ!" என்றாள். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டாம் தடவை நிரப்பினேன், கொட்டினேன். மூன்றாம் தடவை நிரப்பினேன், கொட்டினேன். தாளில் எங்கேயும் கால் புட்டி என்று இல்லை. முழுக்க நிரப்பினால் முழுக்கச் சுத்தம் என்று நானாக முடிவு செய்திருந்தேன். பெண்கள் எல்லோரும் மணலில் நனைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஞ்ஞானத்தைக் கண்டு மலைத்து நிற்கிறார்கள் என்று நினைத்து, அடுத்த புட்டியை இன்னும் கொஞ்சம் ஓங்கி வீசினேன்.

அது முடிந்ததும் காபி வந்தது. நல்ல காபி. குடித்துவிட்டு, அடுத்த மாதம் வருகிறேன் என்று கிளம்பினேன்.

ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் என் பெட்டியைப் பார்த்துவிட்டார். மதுவிலக்கு வந்திருந்த காலம். கழிக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு வாலிபன் பன்னிரண்டு புட்டிகளை வைக்கோலில் சுற்றித் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடினால் எந்தப் போலீஸ்காரருக்கும் வாயில் தண்ணீர் ஊறத்தானே செய்யும்?

"இன்னாய்யா அதுல?"

"தண்ணி."

"அத்தான்யா கேக்கறேன். இன்னா தண்ணி?"

"கிணத்துத் தண்ணி, சார். கவர்மெண்ட் சோதனைக்கு."

"கவர்மெண்ட்டு தண்ணியா? தொற."

திறந்தேன். ஒரு புட்டியை எடுத்து மோந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார். அவர் முகத்தில் இருந்த ஏமாற்றத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"மெய்யாலுமே தண்ணிதான்யா. நம்ம ஸ்டேஷன் கொழா தண்ணியாட்டமே நல்லா கீது. போ, போ."

போலீஸ்காரருக்கு நாக்கில் இருந்த அறிவு எனக்குத் தலையில் இல்லை. எச்சில் பட்ட புட்டி கெட்டுவிட்டதே என்று அவரைத் திட்டிக்கொண்டே ரயில் ஏறினேன். அந்தப் புட்டிக்கு மட்டும் மறுநாள் திரும்ப வந்து தண்ணீர் கேட்டேன். அக்கா ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு, "நாஸ்டா துன்னுட்டு இரு சார், தோ வந்துடும்" என்று ஆப்பம் கொடுத்து உட்கார வைத்தார். தண்ணீர் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பின்னால் இருக்கும் கிணற்றுக்குப் போக ஏன் ஒன்றரை மணி நேரம் என்று நான் கேட்கவில்லை. ஆப்பம் அவ்வளவு நன்றாக இருந்தது.

கெமிஸ்ட் ஐயாவின் சோதனை பார்க்க அழகாக இருக்கும். தண்ணீரில் மஞ்சள் மருந்து இரண்டு சொட்டு விட்டு, மேலே கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து வெள்ளி உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார். தண்ணீரில் உப்பு இருக்கிற வரைக்கும் மோர் மாதிரி கலங்கும். உப்பு தீர்ந்த சொட்டில் செங்கல் நிறம் வந்துவிடும். எத்தனை கோடு இறங்கியதோ அவ்வளவு உப்பு. முதல் புட்டியில் விட்டார். நாலு சொட்டுக்கு முன்னாலேயே சிவந்துவிட்டது. இரண்டாவதும் அதே இடம். பன்னிரண்டும் அதே இடம்.

"நல்ல தண்ணியா இருக்கேய்யா" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் போனபோது அக்காவிடம் நானே பெருமையாகச் சொன்னேன்: "உங்க கிணத்துத் தண்ணி முதல் தரம்னு சொல்லிட்டாரு அக்கா."

தெரு முழுக்கச் சந்தோஷம். பரீட்சையில் பாஸான மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அன்றைக்குக் காபியோடு இறால் வடையும் வந்தது. நான் புட்டி அலம்பிக் கொட்டுகிற இடத்தில் ஒரு முருங்கைக் குச்சியை நட்டு வைத்திருந்தார்கள். நடுவதற்கு வேறு இடமா இல்லை, என் காலடியில் வந்து நட்டிருக்கிறார்களே என்று எரிச்சலோடு, அதன் மேலேயே கொட்டினேன்.

மூன்றாவது மாதமும் கண்ணாடிக் குழாயில் அதே கோடு. கெமிஸ்ட் ஐயா இந்தத் தடவை மூக்கைத் துடைத்துக்கொள்ளவில்லை. எழுந்து போய், எங்கள் ஆபீஸ் கைகழுவும் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்தார். மஞ்சள் மருந்து விட்டார். சொட்டினார். அதே கோட்டில் சிவந்தது.

"இங்கே வாய்யா. இது பன்னிரண்டு கிணறா, இல்லே ஒரே வயித்துல பொறந்த பன்னிரண்டு புள்ளைங்களா?"

நான் புட்டிகளின் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.

"நீ எண்ணூருக்குப் போனியா, இல்லே இந்தக் குழாயடியிலேயே புடிச்சுட்டு, பீச்சுல படுத்துத் தூங்கிட்டு வந்தியா?"

"போனேன் சார். சத்தியமா போனேன்."

"எங்கே டிக்கெட்?"

டிக்கெட்டை ஸ்டேஷன் வாசலிலேயே வாங்கிக்கொண்டு விடுவார்களே, அதை எங்கே போய்த் தேடுவேன்? போலீஸ்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று வாயெடுத்து, அவர் புட்டியில் வாய் வைத்த கதையைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று அடக்கிக்கொண்டேன்.

"அடுத்த மாசம் கடைசி. அதுவும் இப்படியே வந்தா மனுவை மூடிடுவேன். அந்த ஜனங்க பொய் சொன்னதா எழுதணும். நீ பொய் சொன்னது தனியா எழுதணும்."

கம்பெனிக்காரர்களிடமிருந்து, கிணறுகள் நன்றாக இருப்பது குறித்து மகிழ்ச்சி தெரிவித்து, ஒரு மரியாதையான கடிதமும் வந்திருந்தது.

நான்காவது மாதம் நான் போனது கோபத்தோடு. யார் மேல் கோபம் என்று சரியாகத் தெரியவில்லை, பொதுவான கோபம்தான். நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு எதற்காக மனுப் போட்டார்கள்? அந்தப் பள்ளத்தையாவது கண்ணால் பார்ப்போம் என்று, வழக்கமான பாதையை விட்டுக் கம்பெனி வேலி ஓரமாகச் சுற்றிப் போனேன். வெள்ளையாகச் சமதரையாகத் தெரிந்த ஓர் இடத்தில் கால் வைத்தேன். சுண்ணாம்புச் சேறு. முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு வழியாகக் கரையேறினேன். ஒரு செருப்பு பள்ளத்துக்கே போயிற்று.

எதிரில் முதலில் இருந்தது பன்னிரண்டாம் வீடு. பள்ளத்துக்குப் பக்கத்து வீடு அது. அந்தக் கிணறுதான் முதலில் கெட்டது என்பதால், பன்னிரண்டு சீடர்களில் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவனின் இடத்தை அதற்குக் கொடுத்து, 'துரோகி கெணறு' என்று தெருவில் கேலி செய்வார்கள். 'அய்யய்யோ' சொன்ன அந்தப் பெண் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என் கோலத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கால் கழுவக் கொஞ்சம் தண்ணி குடும்மா."

அவள் யோசிக்கவே இல்லை. பின்னால் போனாள். தொபுக்கென்று வாளி விழும் சத்தம், உருளை கிறீச்சிடும் சத்தம். அரை நிமிஷத்தில் வாளியோடு வந்து என் காலில் ஊற்றினாள். சேறு தெறித்தது, தண்ணீரும் தெறித்தது. உதட்டில் பட்டதை நாக்கால் துடைத்தேன்.

கடலையே வாளியில் கொண்டுவந்து ஊற்றியது போல இருந்தது. உப்பென்றால் அப்படி உப்பு.

"இது என்ன தண்ணி?"

"கெணத்துத் தண்ணி சார்."

"அப்போ எனக்கு மாசாமாசம் குடத்துல குடுத்தீங்களே, அது?"

அவள் கண் பெரிதாயிற்று. வாளியை அங்கேயே போட்டுவிட்டு, "யக்கா!" என்று கத்திக்கொண்டு முதல் வீட்டுக்கு ஓடினாள்.

அக்கா வந்தார். பின்னாலேயே மற்றப் பெண்களும் வந்தார்கள். நான் ஒரு கால் வெள்ளையாக, ஒரு கால் கறுப்பாக நின்றுகொண்டு விசாரணை நடத்தினேன்.

"அக்கா, அது எங்கே பிடிச்ச தண்ணி?"

"ஸ்டேஷன்ல, சார்." அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான். "விடியசொல்ல போயி, மாஸ்டரு தொரத்தறதுக்குள்ள புடிச்சிகினு வருவோம். பட்டணத்துத் தண்ணி அது."

"உங்க கிணத்துத் தண்ணி எப்படி இருக்குன்னு பார்க்கத்தானே நான் வர்றேன்!"

"இன்னா சார் பேசறே? அத்த எடுத்துக்கினு போய் நீ பெரிய ஆபீசருக்குக் குடுப்பே. அவரு வாய்ல வெச்சதும் தூன்னு துப்புவாரு. இந்தக் கலீஜ் தண்ணிய குடுத்து வுட்டவளுங்களுக்குக் கொழா ஒரு கேடான்னு கேக்க மாட்டாரு? வந்தவனுக்கு உப்புத் தண்ணி குடுத்த ஊருன்னு பேரு வாங்கறதா?"

"அவர் குடிக்கவே மாட்டார் அக்கா! மருந்து விட்டு உப்பு எவ்வளவுன்னு பார்ப்பார். உப்பு இருந்தாத்தான் குழாய்!"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குடிக்காதவருக்கு இன்னாத்துக்கு சார் தண்ணி?"

அப்படியே என் அப்பா கேட்ட கேள்வி. அன்றைக்கும் பதில் சொல்லாமல் முகத்தைத் தூக்கிக்கொண்டேன். இங்கேயும் நான்கு மாதமாக எவரிடமும் ஒரு வார்த்தை விளக்கவில்லை. அன்றைக்குத்தான் மணலில் உட்கார்ந்து, பள்ளம், எஞ்சின், கடல் உள்ளே வருவது, மனு, குழாய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அக்கா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"அப்போ மூணு மாசமா எங்க கொழாய நாங்களேதான் ஒடச்சிகினு இருந்தோமா?"

பன்னிரண்டாம் வீட்டுப் பெண்தான், "நல்லவேளை, சாரு சேத்துல வுழுந்தாரு" என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஈஸ்டருக்கு முன்னாடி பெரிய வியாழக்கெழம கோயில்ல சாமியாரு பன்னெண்டு பேருக்குக் காலு கழுவுவாரு. இங்க ஒர்த்தன் காலக் கழுவனதுக்கே உண்ம வந்துட்ச்சு பாரு!"

அன்றைக்குப் பன்னிரண்டு கிணற்றிலும் நானே இறைத்தேன். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டது. ஐந்தாம் வீட்டுக்காரி மட்டும், "இந்தத் தண்ணிக்கு எங்க வூட்டு நம்பர எழுதாத சார், பக்கத்து வூட்டு நம்பரப் போடு" என்று ரயில் ஏறும் வரை கெஞ்சிக்கொண்டே வந்தாள்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துத்தான் ஆபீசுக்குப் போனேன். கெமிஸ்ட் ஐயா சொட்டு விட்டார். மோர் மாதிரி கலங்கியது. விட்டுக்கொண்டே இருந்தார். கண்ணாடிக் குழாய் காலியாயிற்று, மறுபடி நிரப்பினார். அதுவும் பாதி இறங்கிய பிறகுதான் சிவந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை படி உப்பு வாங்கிப் போட்டே?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். சேறு, கால், செருப்பு ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போலத்தான் இருந்தது. அவர் பொடி டப்பாவைத் திறந்து, மூடி, திறந்து, கடைசியில் பொடி போடாமலேயே எழுந்தார். மறுநாள் காலை ரயிலில் என்னோடு அவரும் வந்தார்.

பெரிய ஆபீசரே வருகிறார் என்றதும் குப்பம் கதிகலங்கிப் போயிற்று. அக்கா ஓடிப் போய்ப் பித்தளைச் சொம்பை எடுத்தார். நான் கையைக் காலைக் காட்டித் தடுத்தேன். கெமிஸ்ட் ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே பன்னிரண்டாம் கிணற்றுக்குப் போனார். தாமே வாளியை விட்டார். தாமே இழுத்தார். சோதனைச் சாமான் எல்லாம் இருக்க, அந்த மனுஷனுக்கு என்ன தோன்றியதோ, இரண்டு கையாலும் அள்ளி ஒரு வாய் குடித்தார்.

"தூ!"

கிணற்றடி முழுக்கத் துப்பினார். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு அலறினார்.

"நான் அப்பவே சொன்னேனே! துப்பிட்டாரே! கொழா போச்சே!"

கெமிஸ்ட் ஐயா துண்டால் வாயைத் துடைத்தார், மறுபடி ஒரு தடவை துப்பினார். "குழாய் வரும்மா. இந்தத் தண்ணியை எப்படித்தான் வாயில வெச்சீங்களோ" என்றார். அக்கா நம்பாமல் பார்த்தபோது, "வரும்" என்றார் மறுபடி. அவர் ஒரு விஷயத்தைத் திருப்பிச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கம்பெனி ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தது. கடைசியில் சிலுவைக்கு எதிரே, பூவரச மரத்தடியில், குழாய் வந்தே விட்டது. திறக்கிற அன்றைக்கு நானும் போனேன். பெட்டி இல்லை, பழைய செருப்பு. பெரியவர்கள் பேசி, கை தட்டி, போனார்கள். நான் மரத்தடியில் அதே கட்டையில் உட்கார்ந்தேன். முருங்கை என் உயரத்தைத் தாண்டியிருந்தது, காய்கூடத் தொங்கியது.

"சார்வாளுக்குத் தண்ணி வோணுமா?" என்று அக்கா குழாயடியிலிருந்து கத்தினார். தெருப் பெண்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். சொம்பைக் குழாயில் பிடித்தார். கழுத்து வரை நிரப்பினார். குலுக்கினார். என்னையே பார்த்துக்கொண்டு, ஓங்கி வீசி முருங்கையடியில் கொட்டினார்.

"ஒண்ணு!" என்றார்கள் பெண்கள்.

மறுபடி நிரப்பிக் கொட்டினார். "ரெண்டு!" பன்னிரண்டாம் வீட்டுப் பெண் இடுப்புக் குழந்தையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "மூணு!"

நானும் சிரித்தேன். ஆபீசர் மாதிரியே வீசுகிறாரே என்று வயிறு குலுங்கச் சிரித்தேன். அக்கா நாலாவது தடவை நிரப்பிய சொம்போடு பக்கத்தில் வந்தார்.

"அன்னிக்கு நீ ஊத்தசொல்ல, எங்களுக்கு அழுவாச்சியா வரும் நைனா. ரெண்டு மைலு இடுப்புல தூக்கினு வந்த தண்ணி. பன்னெண்டாம் வூட்டுப் பொண்ணு வேற வவுத்துல புள்ளையோட முழுவாம இருந்தா. கேட்டா கோச்சிக்குவியோ, கொழா வராதோன்னு வாயத் தொறக்கல. வீணாப் போற தண்ணில எதுனா மொளைக்கட்டும்னு இந்தக் குச்சிய நட்டு வெச்சோம்."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பன்னிரண்டு குடம், மூன்று மாதம். ஒரு குடத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு புட்டி. மூன்று புட்டியை மணலில் வீசியிருக்கிறேன். போலீஸ்காரர் குடித்த புட்டிக்காக, மறுநாள் யாரோ இன்னொரு தடவை ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறாள். நான் உட்கார்ந்து ஆப்பம் தின்றிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இந்த வயதிலும் போகவில்லை.

"குடி நைனா" என்றார் அக்கா. "இது நம்ம வூட்டுத் தண்ணி."

சொம்பை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு கீழே விடாமல் குடித்தேன்.